குருதியில் நீந்திய திருகு

உடலில் செலுத்தப்படும் மருந்து குருதியோடு கலந்து எங்கும் பரவுகிறது. நோயுள்ள இடத்தை அடைவது அதில் சிறு பங்கே. சில புற்றுநோய் மருந்துகளால் நோயாளியின் தலைமுடி உதிர்வதும் இதனால்தான். கட்டியைத் தாக்க வந்த மருந்து மயிர்க்கால்களையும் தாக்கிவிடுகிறது. எனவே, மருந்தைக் காந்தத்தால் உரிய இடத்துக்கு நடத்திச் செல்ல இயலுமா என அறிவியலார் ஆராய்கின்றனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இவ்வாராய்ச்சி நடைபெறுகிறது.

மிக நுண்ணிய பொருளுக்குக் குருதி தேனைப்போல் கெட்டியானது. அதில் கிளிஞ்சல் திறந்து மூடுவதுபோல் அசைந்து பயனில்லை. முன்சென்ற தொலைவு முழுவதும் பின்வந்துவிடும். இதனை 1977இல் எட்வர்டு பர்செல் என்னும் இயற்பியலாளர் விளக்கினார். குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிரியோ திருகு வடிவ வால்களைச் சுழற்றி, மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் முன்னேறுகிறது.

அத்தகைய திருகைப் பேராசிரியர் அம்பரீஷ் கோஷ் குழுவினர் செயற்கையாகச் செய்தனர். சுழலும் தட்டின்மீது சிலிக்கா ஆவியைச் சாய்வாகப் படியவிட்டால் நுண்திருகுகள் வளரும். அவற்றின் அகலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு; சிவப்பணுவின் குறுக்களவோ 7 முதல் 8 மைக்ரோமீட்டர். திருகில் காந்தப்பொருளைச் சேர்த்து, வெளியே காந்தப்புலத்தைச் சுழற்றினால் திருகும் உடன் சுழன்று நகரும்.

நீரில் இது எளிதாயிற்று. குருதி விடவில்லை, அதன் உப்புத்தன்மை காந்த உலோகத்தை அரித்தது. ஆகவே, திருகுக்கு ஃபெரைட் என்னும் இரும்புச் சேர்மத்தால் மெல்லிய போர்வை அணிவித்தனர். 2014இல் அத்திருகு மனிதக் குருதியில் நீந்தியது. குருதியின் கொள்ளளவில் ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு அணுக்களே. அந்நெரிசலில், சில்க் போர்டு சந்திப்பின் மாலைநேர வண்டிகளைப்போல, திருகும் நின்று நின்றே நகர்ந்தது!

ஆயினும், அது உடலுக்கு வெளியே எடுத்து வைக்கப்பட்ட குருதி. பெருந்தமனியில் குருதி நொடிக்குப் பல சென்டிமீட்டர் விரைகிறது. திருகோ நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் செல்லாது. அவ்வெள்ளத்தை எதிர்த்து நீந்துவது எவ்வாறு? இன்றும் கடினமான வினா இதுவே. அதனால் குருதி ஓடாத இடங்களிலும் திருகைப் பயன்படுத்த முயல்கின்றனர். 2022இல், பிடுங்கப்பட்ட பற்களின் நுண்குழல்களுக்குள் 2000 மைக்ரோமீட்டர் ஆழம்வரை அதனைச் செலுத்தி, வெப்பமூட்டிக் கிருமிகளை அழித்துக் காட்டினர்.

பொருள் அறிக
குருதி – இரத்தம். பழந்தமிழில் 'நெய்த்தோர்' என்றும் வழங்கும். கன்னடத்தில் கேட்கும் 'நெத்தரு' அதன் உறவுச்சொல்.
பெருந்தமனி – இதயத்திலிருந்து புறப்படும் மிகப் பெரிய குழாய்.

விடையளிக்க
1. பிரித்து எழுதுக: நுண்ணுயிரி, அந்நெரிசல்.
2. திருகுக்குப் போர்வை தேவைப்பட்டது ஏன்?
3. வேகமாக ஓடும் குருதியில் திருகைச் செலுத்த நீவிர் கூறும் வழி யாது? ஐந்து வரிகளில் எழுதுக.