சூரத் சேலையின் வரி எந்த ஊருக்கு?

கேள்வி: சூரத் கடை ஒன்றில் ஆன்லைனில் சேலை வாங்கினேன். பில்லில் மாநில வரியே இல்லை. தமிழ்நாட்டுக்கு நஷ்டம்தானே?

பதில்: இல்லை. பில்லை இன்னொரு முறை பாருங்கள். ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி இருக்கும். 1,000 ரூபாய்ச் சேலைக்கு 5 சதவீதம், 50 ரூபாய். மதுரைக் கடையில் வாங்கியிருந்தால் அதே 50, மத்திய வரி 25, மாநில வரி 25 என்று பிரிந்திருக்கும், அவ்வளவுதான். 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி, பொருள் போய்ச் சேரும் இடத்தைத்தான் பார்க்கிறது. ஐஜிஎஸ்டியை மத்திய அரசு வசூலித்தாலும் மாநிலப் பங்கு இங்கேதான் வரும். அப்படியானால் நெய்த ஊருக்கு ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். நியாயம்தான், உற்பத்தி மாநிலமான தமிழ்நாடே கேட்ட கேள்வி அது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூன் வரை இழப்பீடும் தரப்பட்டது. ஆனால் அந்த 50 ரூபாய் சூரத் வியாபாரியின் பையிலிருந்து போகவில்லை, உங்கள் பையிலிருந்துதான் போனது.