பெயிண்ட் பக்கெட்டில் ஓட்டை போடும் முன்

வீட்டுக்கு வண்ணம் அடித்து முடித்ததும் மிஞ்சும் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒரு கத்தரிச் செடிக்கோ தக்காளிச் செடிக்கோ தாராளம். எமல்ஷன் இருந்த பக்கெட்டை மட்டும் எடுங்கள். எனாமல், தின்னர், பூச்சிமருந்து, இன்ஜின் ஆயில் இருந்தவை எத்தனை முறை கழுவினாலும் சாப்பிடும் செடிக்கு ஆகாது. ஒட்டியிருக்கும் எமல்ஷனைக் காயவிடுங்கள், தோல்போல் உரிந்து வரும். ஈரத்தோடு கழுவிச் சாக்கடையில் விடாதீர்கள்.

அடுத்தது ஓட்டை. நான் பார்த்த வரை பத்தில் எட்டுச் செடி அழுகுவது இங்கேதான். அடியில் நடுவில் ஒரே ஒரு ஓட்டை போட்டு, பக்கெட்டைத் தளத்தில் அப்படியே வைத்துவிடுகிறார்கள். தளமே அதை அடைத்துவிடும். அடிப்பாகத்தில் ஓரமாகச் சுற்றி ஐந்தாறு ஓட்டை, பக்கச்சுவரில் அடியை ஒட்டி நான்கு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன். துளைபோடும் மெஷின் இருந்தால் நல்லது. கம்பியைக் காய்ச்சிக் குத்துவதானால் திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல். மண் போடும் முன் காலி பக்கெட்டை இரண்டு செங்கல் மேல், ஓட்டைகள் மறையாமல் நிறுத்தி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடியில் விரல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால், இன்னும் தாழ்வாக ஓட்டை வேண்டும். இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அது நேர்மாறு. பொடி மண்ணில் இருக்கும் நீர், ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் சுலபத்தில் இறங்காது. மேலே உள்ள மண் சொதசொதவென்று நனைந்த பிறகே சொட்டும். ஜல்லி போட்ட உயரத்துக்கு அந்தச் சகதியும் வேருக்கு அருகே ஏறிவிடும். ஒவ்வொரு ஓட்டை மேலும் ஓர் ஓட்டுச் சில்லு கவிழ்த்தால் போதும், மண் ஒழுகாது.

செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள் சம பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும்; ஊறவைத்துப் பிழிந்து மூன்று தண்ணீர் மாற்றுங்கள். விளிம்புக்கு இரண்டு விரல் குறைவாக நிரப்புங்கள், இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீரோடு உரமும் வழிந்துவிடும்.

நனைந்த பக்கெட் 20 கிலோவைத் தாண்டும். மாடியின் நடுவில் குவிக்காமல், கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வையுங்கள். அடர்நிறப் பக்கெட் என்றால் பழைய கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள், சித்திரை வெயிலில் வேர் வேகாது.

சில வருட வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். விளிம்பை அழுத்தினால் வெள்ளைக் கீறல் விழுகிறதா, அப்போதே செடியை வேறு பக்கெட்டுக்கு மாற்றி, பழையதை முழுசாக இருக்கும்போதே காயலான் கடையில் போட்டுவிடுங்கள். துண்டாகி மண்ணில் கலந்தபின் பொறுக்கி எடுக்கவே முடியாது.