சொல்லாததும் சுழியமும்

சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களில் “தே ஓ” என்று கேட்டால் போதும். பால் கலக்காத, சர்க்கரை சேர்த்த, சூடான தேநீர் வந்துவிடும். வாடிக்கையாளர் வேறெதுவும் சொல்லாதபோது எப்படிக் கலப்பது என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. பனிக்கட்டி வேண்டுவோர் “தே ஓ பெங்” என்பர்; சர்க்கரை வேண்டாதோர் “தே ஓ கோசோங்” என்பர். ‘கோசோங்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு வெறுமை, சுழியம் என்பது பொருள்.

கணினி நிரலிலும் இம்முறை உண்டு. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பைச் ‘செயற்கூறு’ என்பர். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், செயற்கூற்றுக்குரிய மதிப்பைக் கொடுக்காமல் விட்டாலும் நிரல் உடனே நின்றுவிடாது. விடுபட்ட இடத்தில் ‘அன்டிஃபைன்ட்’, அதாவது ‘வரையறுக்கப்படாதது’ என்னும் மதிப்பு அமர்ந்துகொள்ளும். அதை ஓர் எண்ணால் பெருக்கினால், ‘எண் அல்ல’ என்ற பயனற்ற விடையே கிடைக்கும்.

1995ஆம் ஆண்டில் தோன்றிய இம்மொழியில், விடுபட்ட மதிப்பை நிரப்ப நீண்ட காலம் நேரடி வழி இருக்கவில்லை. எனவே, நிரலாளர் பலர் ‘கொடுத்த மதிப்பு அல்லது 2’ என்னும் பொருள்பட எழுதினர். அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. முதலில் உள்ள மதிப்பு சுழியமாக இருந்தால், ‘அல்லது’ குறி அதைப் பொய்யெனக் கொண்டு அடுத்த மதிப்பை எடுத்துக்கொள்ளும்.

நீரிழிவு நோயுள்ள முதியவர் ஒருவர், பானம் கேட்கும் தொடுதிரையில் சர்க்கரை 0 கரண்டி எனத் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். நிரல் அந்த 0ஐத் தள்ளிவிட்டு, 2 கரண்டி எனப் பதிவு செய்யும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொன்னவரை, எதுவுமே சொல்லாதவராக நிரல் கருதிவிட்டது.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த மொழித்தரம் இக்குறையைப் போக்கியது. அதன்பின், செயற்கூற்றின் தலைப்பிலேயே இயல்பு மதிப்புகளை எழுத முடிந்தது:

தே_ஓ(மேசை, சர்க்கரை = 2, நிலை = "சூடு")

தே_ஓ(7) என அழைத்தால், 7ஆம் மேசைக்கு 2 கரண்டி சர்க்கரையுடன் சூடான தேநீர் செல்லும். தே_ஓ(7, 0) என அழைத்தால் 0 அப்படியே மதிக்கப்படும். மதிப்பு விடுபட்டாலோ ‘அன்டிஃபைன்ட்’ என வந்தாலோ மட்டுமே இயல்பு மதிப்பு பயன்படும். ‘நல்’ என்னும் வெற்று மதிப்பைக் கொடுத்தாலும், அது கொடுக்கப்பட்ட மதிப்பாகவே கொள்ளப்படும்.

மதிப்புகளின் வரிசையும் முக்கியம். சர்க்கரையை மாற்றாமல் பனிக்கட்டி மட்டும் கேட்க, தே_ஓ(7, அன்டிஃபைன்ட், "பெங்") என நடு இடத்தையும் நிரப்ப வேண்டும். ஆகவே, கட்டாயம் தேவைப்படுபவற்றை முன்னும், விட்டுவிடக் கூடியவற்றைப் பின்னும் வைப்பது நல்லது.

மேசை எண்ணுக்கு இயல்பு மதிப்பு தரப்படாததையும் கவனிக்க வேண்டும். அதற்கு 1 என்று எழுதிவைத்தால், எண்ணைக் குறிப்பிடாதவர்களின் தேநீரெல்லாம் முதல் மேசைக்கே போய்ச் சேரும். ஊகிக்கக் கூடாததைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

இயல்பு மதிப்பு என்பது, பேசாதவருக்காக நிரலாளர் எடுக்கும் முடிவு. பேசியவரின் சொல்லை அது மீறக்கூடாது. அச்சொல் ‘சுழியம்’ என்றாலும் கூட.