குடிமதிப்புப் புத்தகத்தில் நமது கிராமம்

ஒரு சங்கத்தின் நிலையை அறிய நாம் நாள்வழியையும் பேரேட்டையும் புரட்டுகிறோம். அங்கத்தினர் பதிவேட்டில் எத்தனை பெயர், பங்குத் தொகை எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்பவற்றை எந்தக் காரியதரிசியும் உடனே எடுத்துச் சொல்லிவிடுவார். ஆனால் சங்கத்தின் எல்லைக்குள் மொத்தம் எத்தனை குடும்பங்கள் உள்ளன, அவற்றுள் தறியை நம்பியவை எத்தனை, நிலத்தை நம்பியவை எத்தனை, இன்னும் சங்கத்தில் சேராதவை எத்தனை என்று வினவினால், நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கங்களுள் மிகச் சிலவற்றிலேயே விடை கிடைத்தது. விடை இல்லாமலில்லை. அது அச்சேறி, எவரும் பார்க்கும் வண்ணம் இருக்கிறது. மாவட்டக் குடிமதிப்புக் கையேடு என்பது அதன் பெயர். அதனைப் படிக்கும் முறையையும், படிக்கையில் ஏமாறாதிருக்கும் முறையையும் இங்கு ஆராய்வோம்.

நம் நாடெங்கும் ஒரே காலத்தில் ஜனத்தொகை கணக்கெடுக்கும் வழக்கம் 1881-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1871-இல், சென்னை மாகாணத்தில் ஒரு கணக்கு எடுக்கப்பட்டது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கைச் சென்னை மாகாணத்தில் மேற்பார்த்த டபிள்யூ. பிரான்சிஸ் என்பவரே 1906-இல் தென்னாற்காடு ஜில்லா கெசட்டியரையும் எழுதினார். கல்ராயன் மலை என்று அக்காலத்தில் வழங்கிய நமது கல்வராயன் மலையைப் பற்றி அந்நூலில் காணலாம். சுதந்திரத்திற்குப் பின் வந்த முதற் குடிமதிப்பாகிய 1951-ஆம் ஆண்டிலிருந்து, ஒவ்வொரு மாவட்டத்திற்கும் தனித்தனியே கையேடு வெளிவரத் தொடங்கியது. நமக்கு மிகவும் பயன்படுவது இதுவே.

கையேட்டில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று கிராம, நகர விவரத் தொகுப்பு. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், அஞ்சல், சாலை, வங்கி, வேளாண்மைக் கடன் சங்கம் ஆகியவை எந்தக் கிராமத்தில் உள்ளன, எதில் இல்லை என்பதை அது கூறும். மற்றொன்று குடிமதிப்புச் சுருக்கம். அதில் ஒவ்வொரு கிராமத்திற்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கும். குடும்பங்கள், ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், தொழில் புரிவோர் என அவ்வரி நீண்டு செல்லும்.

முதலில், எந்தப் புத்தகத்தை எடுப்பது? கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26-ஆம் நாள் தோன்றியது. 2011 குடிமதிப்பு அதற்கு எட்டாண்டு முந்தியது. ஆகவே 'கள்ளக்குறிச்சி மாவட்டம் 2011' என்ற கையேட்டைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். விழுப்புரம் மாவட்டக் கையேட்டை எடுத்து, அதில் நமது தாலுகாக்களைப் பார்க்கவேண்டும். அவற்றின் கிராமங்களையும் நகரங்களையும் கூட்டிக் கண்டதுதான் புதிய மாவட்டத்திற்கு இன்று சொல்லப்படும் 13 இலட்சத்து 70 ஆயிரம் என்னும் தொகை. 1991 கணக்கையோ அதற்கு முந்தியதையோ தேடுவோர் தென்னாற்காடு ஜில்லாவின் புத்தகத்தையே நாடவேண்டும். 1993 செப்டம்பரில்தான் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிந்தது. ஊர் அதே இடத்தில் இருக்க, புத்தகம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தாலுகாக்களும் அவ்வாறே துண்டாகியுள்ளன. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலைத் தாலுகா புதிய மாவட்டத்தை ஒட்டி வந்ததாதலின், பழைய கையேடுகளில் அப்பெயரில் ஒரு தாலுகா இராது. எனவே தாலுகாவின் மொத்தத்தோடு தாலுகாவின் மொத்தத்தை ஒப்பிட்டு, 'ஜனத்தொகை குறைந்துவிட்டது' என்று முடிவு செய்வது பிழை. கிராமத்தோடு கிராமத்தை ஒப்பிடுக. அதுவும் எல்லை மாறாத கிராமமாயின் மட்டுமே.

மொத்தத் தொகை மறைக்கும் செய்திக்கு நமது மலையே தக்க சான்று. 2011-இல் பழைய விழுப்புரம் மாவட்டத்தின் ஜனத்தொகை 34 இலட்சத்து 58 ஆயிரத்தைத் தாண்டியது. அதில் பழங்குடியினர் 100-க்கு 2 பேரைச் சற்றே கடந்தனர். மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு அந்த ஓர் எண்ணை மட்டும் நோக்குபவர்க்குப் பழங்குடி மக்களின் பிரச்சினை மிகச் சிறியதாகவே தோன்றும். அதே புத்தகத்தில் மலைக் கிராமங்களின் வரிகளைப் பார்த்தாலோ, வரிக்கு வரி பெரும்பாலோர் பழங்குடியினராகவே காணப்படுவர். இவர்கள் மலையாளி என்னும் இனத்தவர்; மலையில் வாழ்வோர் என்ற பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது, பேசும் மொழி தமிழே. இம்மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததாதலின், அங்குள்ள உறவினர் வேறொரு புத்தகத்தில் ஏறிவிடுகின்றனர். இதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்னும் பெயர் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் ஜில்லாக்களின் பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டது. அதனால் ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் 2011 குடிமதிப்பில் பழங்குடியினராக எண்ணப்படவில்லை.

இனிக் கிராமம் என்னும் சொல்லைக் கவனிப்போம். குடிமதிப்பில் கிராமம் என்பது வருவாய்க் கிராமம். நாம் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் அதன் உட்கிடையான குக்கிராமத்தையே. சமவெளியில் இதனால் பெருங்கேடு இல்லை. மலையில் அப்படியன்று. ஓர் ஓடைக்கு அப்பால் இருபது குடிசை, ஒரு மேட்டில் பதினைந்து என்று சிதறிக் கிடக்கும் குடியிருப்புக்கள் யாவும் ஒரே வரியில் அடங்கும். அவற்றுள் ஒன்றில் பள்ளி இருந்தால் கிராமத்திற்கே பள்ளி உண்டு என்று பதிவாகும். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கவியலாத பிள்ளைகளின் நிலை அந்த 'உண்டு' என்பதில் தெரியாது. ஒரு வசதி இல்லையெனில், அது உள்ள இடத்தின் தூரத்தை எழுத்தால் குறிப்பர்: 5 கிலோமீட்டருக்குள் எனின் முதல் எழுத்து, 5 முதல் 10 வரை எனின் இரண்டாம் எழுத்து, 10-க்கு மேல் எனின் மூன்றாம் எழுத்து. மூன்றாம் எழுத்துப் பெற்ற இரு கிராமங்களில் ஒன்றுக்கு மருத்துவமனை 11 கிலோமீட்டரில் இருக்கலாம்; மற்றொன்றுக்கு 50 கிலோமீட்டரில் இருக்கலாம். மலைச் சாலையின் வளைவுகளை நன்கறிந்த நம் அங்கத்தினர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

எழுத்தறிவு விகிதத்தைக் கணக்கிடுவதில் பலர் தவறுகின்றனர். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோரையே எழுத்தறிவுக்குக் கணக்கில் கொள்வது வழக்கம். 1,000 பேர் கொண்ட ஒரு கிராமத்தில் ஆறு வயது முடிய உள்ள குழந்தைகள் 120 பேர், எழுத்தறிந்தோர் 528 பேர் எனக் கொள்வோம். 528-ஐ 1,000-ஆல் வகுத்தால் 52.8 சதவிகிதம் என வரும், அது பிழை. குழந்தைகளை நீக்கி 880-ஆல் வகுத்தால் 60 சதவிகிதம், இதுவே சரி. 2011-இல் தமிழ்நாட்டின் விகிதம் 80-ஐ எட்டியதும், பழைய விழுப்புரம் மாவட்டத்தின் விகிதம் 72-க்கும் சற்றுக் குறைவாக நின்றதும் இம்முறையில் கண்டவையே.

நெசவாளர்க்கு மிக முக்கியமானது தொழில் பற்றிய பகுதி. தொழில் புரிவோர் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றனர்: பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், குடும்பத் தொழில் புரிவோர், ஏனையோர். தறியோட்டி எந்த வகையில் விழுவான்? அவன் எங்கே உட்கார்ந்து நெய்கிறான் என்பதைப் பொறுத்தது! கிராமமாயின், வீட்டிலோ அல்லது அக்கிராமத்திற்குள் வேறிடத்திலோ குடும்பத்தார் நடத்தும் தொழில் குடும்பத் தொழிலே. நகரமாயின், வாழும் வீட்டின் எல்லைக்குள் நடந்தால் மட்டுமே அது குடும்பத் தொழில். வீட்டில் தறிக்குழிக்கு இடமின்றி அடுத்த தெருவில் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு நெய்பவன் கிராமத்தில் மூன்றாம் வகை. நகரத்தில் நான்காம் வகை. அந்த நான்காம் வகையில் ஆசிரியர், வணிகர், வண்டியோட்டி எல்லோரும் கலந்திருப்பர். நகரம் என்பதற்கும் குடிமதிப்பில் தனி இலக்கணம் உண்டு. நகராட்சியோ பேரூராட்சியோ இல்லாத ஊராயினும், 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளருள் முக்காற்பங்கினர் விவசாயம் அல்லாத தொழில் என்ற மூன்றும் பொருந்தினால் அது நகரமாக எண்ணப்படும். நெசவு பெருகிய ஊர் இந்த இலக்கணத்தை எளிதில் எட்டும். பஞ்சாயத்தாகவே நிற்கும் அவ்வூர் ஒரு குடிமதிப்பில் நகரமானவுடன், கொட்டகை நெசவாளர் அனைவரும் ஒரு கட்டத்திலிருந்து மற்றொரு கட்டத்திற்குப் பெயர்ந்துவிடுவர். 'ஊரில் நெசவு நலிந்தது' என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்பவர் தறிகளின் ஓசையைக் கேட்காதவராகவே இருப்பார்.

இதனினும் பெரிது பெண்களின் உழைப்பு. ஒரு தறி நாள் முழுதும் ஓட வேண்டுமாயின் தார் சுற்றவேண்டும், பாவு ஓட்டவேண்டும், அறுந்த இழையைப் பிணைக்கவேண்டும். இவற்றைச் செய்பவர் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குடிமதிப்பு அவரை எவ்வாறு எழுதியது? 1951-இல் வருமானத்தை வைத்து மக்களைப் பிரித்தனர். கூலி கையில் வாராத மனைவி, சம்பாதிக்காத சார்ந்தோர் என்றே பதிவானாள். 1961-இல் வேலையையே அளவாகக் கொண்டனர். தொழில் நடக்கும் பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒழுங்காக வேலை செய்தால் அவர் தொழில் புரிபவர். குடும்பத் தொழில் என்ற தனி வகுப்பும் அப்போதுதான் தோன்றியது. சென்னை மாநிலத்துக் கைத்தறியைப் பற்றி அந்தக் குடிமதிப்பின் தொடர்பில் தனி நூலே வெளிவந்தது. ஆனால் 1971-இல் 'முக்கிய வேலை எது?' என்ற கேள்வியை முன்வைத்தனர். வீட்டு வேலையே முக்கிய வேலை என்ற விடை வந்தவுடன், தறியருகே செய்த வேலை பின்தள்ளப்பட்டது. விளைவு என்னவெனில், இந்தியாவில் தொழில் புரியும் பெண்கள் 1961-இல் 5 கோடியே 94 இலட்சம். 1971-இல் 3 கோடியே 13 இலட்சம். பத்தாண்டில் பெண்களின் தொகை பெருகியிருக்க, உழைக்கும் பெண்கள் ஏறக்குறையப் பாதியாயினர்! எந்தப் பஞ்சமும் கொள்ளைநோயும் இதைச் செய்யவில்லை. கேள்வி மாறியதே பெருங்காரணம். 1981 முதல் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வேலை செய்வோரை முதன்மைத் தொழிலாளர் என்றும், குறைந்த காலம் செய்வோரைக் குறுந்தொழிலாளர் என்றும் இருவகையாகப் பிரித்து இக்குறையை ஒருவாறு சரிசெய்தனர்.

கூலியின்றிக் குடும்பத் தொழிலில் உதவுவதும் தொழிலே என்பது 2011-இலும் விதி. வீட்டுக்குள் கறந்து வீட்டிலேயே பயன்படுத்தும் பாலுக்காக மாடு பேணுவதும் கூட வேலையாக எண்ணப்பட்டது. விதி இவ்வாறிருந்தும், வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் வீட்டுத் தலைவர் 'அவள் சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்' என்று சொல்லிவிட்டால் விதியால் யாது பயன்? கைத்தறிக்கென நடந்த நான்காவது அகில இந்தியக் கணக்கெடுப்பு, 2019-20-இல், கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சத்திற்கு மேற்பட்டோர் என்றும், நெய்வோருள் 100-க்கு 70-க்கு மேல் பெண்கள் என்றும் கண்டது. தறியைப் பற்றியே கேட்டபோது அவர்கள் புலப்பட்டனர் என்பதே நாம் கருதற்பாலது.

பயிரிடுவோர் விஷயம் அத்துணைச் சிக்கலன்று. சொந்த நிலமாயினும் குத்தகை, வார நிலமாயினும் தன் பொறுப்பில் பயிர் செய்பவர் பயிரிடுவோர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர் விவசாயக் கூலி. தென்னை, பாக்கு, காப்பி, தேயிலை, ரப்பர் மட்டும் வளர்ப்போர் நான்காம் வகையில் போவர். மலையில் சாமை விளைத்துவிட்டு, எஞ்சிய மாதங்களில் கூலிக்கு இறங்குபவரைப் பற்றியே ஐயம் எழும்; எதில் அதிக காலம் சென்றது என்று கேட்டு எழுதவேண்டும்.

இவ்வெண்கள் அலமாரியில் உறங்குவன அல்ல. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எத்தனை பேருக்குத் தானியம் என்பதை 2011 ஜனத்தொகையைக் கொண்டே வகுத்தனர். பஞ்சாயத்து இடங்களின் ஒதுக்கீட்டிற்கும் அதுவே ஆதாரமாயிற்று. 2021-இல் நடந்திருக்கவேண்டிய குடிமதிப்பு தொற்றுநோயால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு 1-ஆம் நாளை நம் பகுதிக்குரிய கணக்கு நாளாகக் கொண்டு அடுத்ததை நடத்த 2025 ஜூன் 16-இல் மத்திய சர்க்கார் அறிவிக்கை வெளியிட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டம் தன் பெயரில் எண்ணப்பெறும் முதற் குடிமதிப்பு அதுவாகும்.

அதற்குச் சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. காரியதரிசி தம் எல்லையிலுள்ள குக்கிராமங்கள், தனிக்குடியிருப்புக்கள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்றை எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே கொடுக்கலாம். மாதர் கூட்டத்தில் தொழில் பற்றிய கேள்வியை விளக்கலாம். சொல்லும் விடை வரிக்கோ வழக்குக்கோ பயன்படும் என்ற அச்சம் வேண்டா. 1948-ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டத்தின்படி தனிநபர் விவரம் இரகசியம், அது நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படாது. கணவன் பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும் அதே சட்டம் விலக்களிக்கிறது. சட்டம் எழுதியோர் நம் வீட்டு வழக்கங்களை அறிந்தே எழுதினர் போலும்!

காப்பித் தோட்டங்களுக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு மலையிறங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு நடந்தது. அந்நாட்கள் முழுவதும் ஊரில் இராதவர் தங்கியிருந்த இடத்திலேயே எண்ணப்பட்டனர். முடிவதற்குள் திரும்பியவர் சொந்த ஊரில் எண்ணப்பட்டனர். 2027-இலும் எண்ணும் மாதம் பிப்ரவரியே என அறிவித்துள்ளனர். எந்தெந்த வீடுகள் அம்மாதத்தில் பூட்டியிருக்கும் என்பதை நமது கடன் பதிவேட்டை வைத்திருப்பவரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இலர்.