கோபால்ட் சங்கிலியின் சாட்சியம்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு இயற்பியல் மாதிரியின் சூத்திரத்துக்கு ஏற்ற பொருளாகப் பார்த்துச் செய்து, அதையே சோதித்தால் சூத்திரம் ஜெயிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டிருந்தாய். நீ கேட்டதில் தவறில்லை. விஷயம் தெரிந்த பெரியவர்களும் இதையே மேடையில் தீர்ப்புபோலச் சொல்வதுதான் எரிச்சல்.

எலக்ட்ரான்களின் நடமாட்டத்தைச் சொல்லும் ஹப்பார்டு மாதிரியை எடுத்துக்கொள். எழுத ஒரு வரி போதும். ஆனால் 80 இடங்கள் கொண்ட கட்டத்தில் சாத்தியமான நிலைகள் 4-இன் 80-ஆம் அடுக்கு. எந்தக் கணினியின் நினைவகத்திலும் அது அடங்காது. ஹார்வர்டில் மார்க்குஸ் கிரைனரின் குழு லேசர் ஒளியாலான கட்டத்தில் லித்தியம்-6 அணுக்களை நிரப்பி, ஏறத்தாழ 80 இடங்களில் பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்பதை 2017-இல் நுண்ணோக்கியில் காட்டியது. பிறகு அணுக்களைக் குறைத்தும் பார்த்தார்கள். கணக்குகள் திணறும் பகுதி அதுதான். யாரும் முன்கூட்டி எழுதிவைத்த விடை அங்கே கிடையாது.

ஆனாலும் கோபால்ட் நயோபேட் என்ற படிகம் சொல்லும் சாட்சிக்கு அது ஈடில்லை.

எர்ன்ஸ்ட் ஈசிங் 1925-இல் வெளியிட்ட ஸ்பின் சங்கிலி மாதிரி உனக்குத் தெரியும். அதற்குக் குறுக்கே காந்தப்புலத்தை ஏற்றினால் ஒரு கட்டத்தில் ஒழுங்கு குலையும். அந்த விளிம்பில், ஸ்பின்களின் திசையிலேயே மிகச் சிறிய புலம் ஒன்றும் சேர்ந்தால் எட்டுக் கிளர்வு நிலைகள் தோன்றும், முதல் இரண்டின் நிறை விகிதம் 1.618 என்று 1989-இல் அலெக்சாண்டர் சமலோட்சிகோவ் கணித்தார். வெறும் காகிதக் கணக்கு.

2010-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராது கோல்டியாவும் கூட்டாளிகளும் கோபால்ட் நயோபேட்டின் ஒற்றைப் படிகத்தை 40 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்தார்கள். குறுக்குப் புலத்தை 5.5 டெஸ்லாவை நோக்கி ஏற்றிக்கொண்டே நியூட்ரான்களை அதில் பாய்ச்சினார்கள். விளிம்பை நெருங்க நெருங்க, முதல் இரண்டு ஆற்றல்களின் விகிதமும் 1.618-ஐ நெருங்கியது! படிகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிறிய புலத்தையும் வெளியிலிருந்து யாரும் கொடுக்கவில்லை. பக்கத்துச் சங்கிலிகளின் பலவீனமான இழுப்பே அதைக் கொடுத்தது. சங்கிலிகள் முற்றிலும் தனித்தனியாக இருந்திருந்தால் எட்டு நிலைகளும் தோன்றியிருக்காது. மாதிரியிலிருந்து விலகுவதெல்லாம் அழுக்கு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்.

ஜெயிக்காமல் என்ன செய்யும் என்றாயே, 2021-ஐப் பார். அதே பொருளை டெராஹெர்ட்ஸ் ஒளியால் ஆராய்ந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர், சங்கிலி கோணல்மாணலாக வளைந்து செல்வதால் ஸ்பின்களுக்கு இடையிலான உறவின் திசை ஒவ்வொரு பிணைப்பிலும் மாறி மாறி வருகிறது என்று காட்டினார்கள். குறுக்குப் புலம் குறைவாக இருக்கும்போது அங்கே நடப்பதை எளிய ஈசிங் சங்கிலியால் விளக்க முடியவில்லை. அந்த மாதிரிக்கென்றே கொண்டாடப்பட்ட படிகம், அதற்கு எதிராகவும் சாட்சி சொல்லிவிட்டது.

அதனால் 1.618 பொய்யாகிவிடவில்லை. விளிம்பருகே இந்த நுண்விவரங்கள் ஏன் பின்னுக்குப் போகின்றன என்பதை மறுசீராக்கல் பாடத்தை வைத்துக்கொண்டு நீயே போட்டுப் பார். எங்கே தடுமாறுகிறாயோ அந்த வரியை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்