உப்புப் போட்டாச்சா?

மதுரையில் பக்கத்து வீட்டிலிருந்து இட்லி மாவு வந்தால், கிண்ணத்தைக் கையில் வாங்கும்போதே அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "உப்புப் போட்டாச்சா அக்கா?" கேட்க மறந்த நாளில் இட்லி ஒன்று கரிக்கும், இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். நியூஜெர்சியில் எடிசன் பக்கம் குடிவந்து, ஸ்கேனர் ரேடியோ பித்துப் பிடித்து, புரோகிராமிங் ஃபைல்களைக் கொடுப்பதும் வாங்குவதுமாக இருந்து, நாலைந்து பேரைத் தவிக்கவிட்ட பிறகுதான் அந்தக் கேள்வி இங்கேயும் கேட்கப்பட வேண்டியது என்று உறைத்தது.

ஸ்கேனர் என்பது வாய் இல்லாத, காது மட்டும் உள்ள வயர்லெஸ். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், ரயில், விமானம் என்று ஊரில் ஓடும் பேச்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எங்கே சத்தம் வருகிறதோ அங்கே நிற்கும். எதை எதைத் தட்ட வேண்டும் என்ற பட்டியலை நாம்தான் உள்ளே ஏற்ற வேண்டும். அதுதான் ஃபைல்.

முன்பெல்லாம் இது சுலபம். ஒரு துறைக்கு ஓர் அலைவரிசை. பத்து எண் தெரிந்தால் ஊரே கேட்கும். இப்போது பெரிய ஊர்களில் டிரங்கிங் முறை. மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி பஸ்ஸுக்கு இதுதான் பிளாட்பாரம் என்று நிரந்தரமாக ஒதுக்காமல், எந்தப் பிளாட்பாரம் காலியோ அங்கே நிறுத்தச் சொல்லி, அதை மைக்கில் ஒருவர் அறிவித்துக்கொண்டே இருந்தால் எப்படி? அந்த மைக்காரர்தான் கண்ட்ரோல் சேனல். பிளாட்பாரம் என்பது அலைவரிசை. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர்தான் டாக் குரூப் எண். ஸ்கேனர் மைக்காரரின் பேச்சைக் கேட்டு, நமக்கு வேண்டிய பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே ஓடும். நியூஜெர்சி மாநிலம் முழுவதற்குமான 700 மெகாஹெர்ட்ஸ் அமைப்பு இப்படித்தான் இயங்குகிறது. இதைக் கையால் அடித்து ஏற்றுவது பெரும் பாடு. அதனால்தான் ஃபைல் கைமாறுகிறது.

"வாராவாரம் புதுப்பிக்கப்படும் தரவுத்தளத்தை ஸ்கேனர் செய்யும் யூனிடன் நிறுவனமே கொடுக்கிறதே, பின்கோடை அடித்தால் போதுமே, எதற்கு அடுத்தவர் ஃபைல்?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பின்கோடை அடித்துப் பாருங்கள். கவுண்டி முழுவதும் கொட்டும். பள்ளிப் பேருந்தும் குப்பை லாரியும் பல்கலைக்கழகக் காவலரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்பது அங்கேயே இருந்து கேட்டவருக்குத்தான் தெரியும். அந்த விதத்தில் ஒரு ஃபைல் என்பது ஒருவருடைய காது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

நாகர்கோவில்காரத் தம்பி ஒருவர் எங்கள் குடியிருப்புக்கு வந்து, என் தொற்று அவருக்கும் ஒட்டி, ஒரு கையடக்க ஸ்கேனர் வாங்கினார். மூன்று வருடம் செதுக்கிய என் லிஸ்ட்டைப் பெருமையோடு கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து போன்.

"அண்ணே, ஒரு சத்தமும் இல்லண்ணே. மெஷின் செத்துப்போச்சா?"

"ஆன்டெனா சரியா மாட்டியிருக்கா பாரு தம்பி."

ஆன்டெனா சரியாகத்தான் இருந்தது. அவர் வீட்டுக்கே போய், தேநீர் ஆறும்வரை தோண்டியதில் மூன்று உப்பு கிடைத்தது. மூன்றும் நான் போட்டவை.

முதலாவது, ஒவ்வொரு சேனலுக்கும் சர்வீஸ் டைப் என்று ஒரு முத்திரை உண்டு: தீயணைப்பு, காவல், ரயில் என்று. எனக்குப் பிடித்தவற்றை ஒரே பொத்தானில் திறந்து மூட வசதியாக, எல்லாவற்றையும் 'கஸ்டம் 1' என்று மாற்றி வைத்திருந்தேன். லிஸ்ட் அவருக்குப் போனது. கஸ்டம் 1-ஐக் கேள் என்ற கட்டளை போகவில்லை. ஏனென்றால் அது லிஸ்ட்டில் இல்லை, என் மெஷினின் பொது அமைப்பில் இருக்கிறது. பாதி சமையல் ஃபைலில், மீதிச் சமையல் என் கையில். இரண்டாவது, எனக்குச் சலித்துப்போன காவல்துறைக் குழுக்களை நிரந்தரமாக 'அவாய்ட்' செய்திருந்தேன். அந்த வெறுப்பும் ஃபைலோடு சேர்ந்து பயணம் செய்தது. மூன்றாவது கொஞ்சம் வெட்கக்கேடு. வண்டியில் போகும்போது அந்தந்த ஊர் தானாகத் திறக்க வேண்டும் என்று சில துறைகளுக்கு வட்டம் போட்டு வைத்திருந்தேன். ஒரு வட்டத்தின் நடுப்புள்ளி என் வீட்டுக் கூரை. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் துல்லியமாக. மகன் போகும் பள்ளிப் பேருந்தின் சேனலுக்கு அவன் பெயரையே வைத்திருந்தேன். இந்த ஃபைலை அதற்கு முன் முகம் தெரியாத இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறேன்!

அன்றிலிருந்து, கொடுப்பதற்கென்று தனிப் பிரதி. அதில் முத்திரைகள் பழையபடி, அவாய்ட் எதுவும் கிடையாது, வட்டங்கள் அழிக்கப்பட்டிருக்கும், வீட்டுப் பெயர்கள் இருக்காது. கூடவே பத்து வரியில் ஒரு குறிப்பு: எந்த மாடல், எதை மாற்றியிருக்கிறேன், மெஷினில் எதைத் திறக்க வேண்டும். குறிப்பு எழுதச் சோம்பலாக இருந்தால் ஃபைலையே கொடுப்பதில்லை.

வாங்குகிற பக்கமும் பட்டிருக்கிறேன். அடுத்தவர் லிஸ்ட்டைக் கணினியில் திறந்து, பார்த்த ஆர்வத்தில் 'ஸ்கேனரில் எழுது' என்று அழுத்திவிட்டேன். அது சேர்த்து எழுதவில்லை. இருந்ததைத் துடைத்துவிட்டு எழுதியது. மெஷினிலிருந்து முதலில் படித்துச் சேமித்திருந்தால் ஒரு நிமிட வேலை. இரண்டு வருட லிஸ்ட் போனது. இப்போது பிறர் ஃபைல் எதுவானாலும் முதலில் என் எஸ்டி கார்டு முழுவதும் நகல், பிறகு புது ஃபைல் தனி லிஸ்ட்டாக. ஒரு வாரம் அது விருந்தாளி.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. எல்லா மாடலுக்கும் பொது என்று அட்டவணையாக மாற்றிப் பரிமாறுவோம். எக்செல் ரொம்பப் புத்திசாலி. சேனலின் ஒலியைத் திறக்கும் டிஜிட்டல் ஸ்குவெல்ச் கோடு 023 என்று இருந்தால் முன்னால் நிற்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். நண்பர் ஒருவர் சேனலுக்கு வேடிக்கையாக '10-4' என்று பெயர் வைத்திருந்தார். வயர்லெஸ் பாஷையில் 'சரி, புரிந்தது'. எக்செல் அதை அக்டோபர் 4 என்று புரிந்துகொண்டது. திறக்கும்போதே எல்லாப் பத்திகளையும் எழுத்து என்று சொல்லித் திறக்க வேண்டும்.

என்னைத் திருத்தியவர் ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அமெரிக்கர். சனிக்கிழமை காலையில் ஒரு டைனரில் ஏழெட்டுப் பேர் காபியோடு கூடுவோம். அவர் மட்டும் லேப்டாப் கொண்டுவரமாட்டார். ஒரு பழைய தகர டப்பா, அதில் அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் அலைவரிசை, என்று கேட்டார், எங்கே நின்று கேட்டார், என்ன பேசினார்கள். 160.920 அட்டையை எனக்குக் காட்டினார். வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையில் ஓடும் ஆம்ட்ராக் தடத்தின் சேனல். மெட்டச்சன் நிலைய நடைமேடையில் கேட்டது என்று தேதியோடு எழுதி, அதற்குக் கீழே அதே எண்ணை மறுபடி கேட்ட தேதிகளை வரிசையாக அடுக்கியிருந்தார். அமெரிக்க ரயில் சேனல்கள் 160.215-இலிருந்து 161.565 மெகாஹெர்ட்ஸ் வரை 15 கிலோஹெர்ட்ஸ் படிக்கட்டாக அமைந்தவை. கணக்குப் போட்டே எண்ணைக் கண்டுபிடிக்கலாம். "கண்டுபிடிக்கலாம், ஆனால் அது கேட்டது ஆகாதே" என்பார். கணக்கில் வந்த எண்ணை அவர் பென்சிலில் எழுதுவார். காதில் விழுந்த பிறகுதான் பேனா.

தேதியின் அருமை பழைய ஃபைல் ஒன்றில் புரிந்தது. 'புதுசு-கடைசி-2' என்கிற தோரணையில் பெயர். கேட்டுப் பார்த்தால் பல சேனல்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சேனல் காதைக் கிழிக்கிறது. தம்பி மெஷினை மாற்றவே கிளம்பிவிட்டார். பெரியவர் ஒரு முறை எட்டிப் பார்த்து, "இது 2013-க்கு முந்தையது" என்றார். 2013 ஜனவரி 1-க்குள் இங்கே விஎச்எஃப், யுஎச்எஃப் அலைவரிசைகளில் இயங்கும் வணிக, பொதுப் பாதுகாப்பு நிலையங்கள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5-க்குச் சுருங்க வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் ஆணை. எண் மாறவில்லை, அகலம்தான் பாதி. குறுகிய ஒலிபரப்பை அகல அமைப்பில் கேட்டால் குரல் மெலியும். ஃபைலில் எல்லாம் எஃப்எம் என்று இருந்ததை என்எஃப்எம், அதாவது குறுகிய எஃப்எம், என்று மாற்றினோம். கிணற்றிலிருந்து மேலே வந்துவிட்டார்கள். ஃபைல் பெயரில் 'புதுசு' என்று போடுவதைவிட மாதமும் வருடமும் போடுவது எவ்வளவோ புண்ணியம்.

சில நேரம் ஃபைலில் உப்பு சரியாகவே இருக்கும், வீடுதான் தப்பு. ஒரே பேச்சைப் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்புவது சைமல்காஸ்ட் முறை. இரண்டு கோபுரத்துக்கு நடுவில் இருக்கும் வீட்டில் இரண்டு அலையும் மயிரிழை வித்தியாசத்தில் வந்து மோதி, டிஜிட்டல் குரல் சல்லடையாகிவிடும். சிக்னல் கம்பிகள் முழுதாக நிற்கும், பேச்சு மட்டும் உடையும். எனக்குத் தெளிவாகக் கேட்ட அதே லிஸ்ட் ஆறு மைல் தள்ளி இருந்தவரிடம் குழறியது. அவர் பெரிய ஆன்டெனா வாங்கினார். இன்னும் மோசம், தூரத்துக் கோபுரமும் சேர்ந்துகொண்டது. குட்டை ஆன்டெனாவை மாட்டி, மேற்குப் பக்கச் சன்னலோரம் ஸ்கேனரை நகர்த்தியதில் பாதி தீர்ந்தது. 2018-இல் வந்த யூனிடனின் எஸ்டிஎஸ்100 ஸ்கேனர் இந்தக் கோளாறை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. விலை மட்டும் மனத்தில் நிற்காது. ஆகவே யாராவது "உங்க ஃபைல் சரியில்லை" என்றால், முதலில் எந்த அறையில் உட்கார்ந்து கேட்டார் என்று கேட்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் ஒன்று உண்டு: "போலீஸ் ரகசிய சேனல் ஃபைல் இருக்கா?" கிடையாது. குறியாக்கம் செய்த பேச்சை எந்த ஃபைலும் திறக்காது. டாக் குரூப் எண் கையில் இருந்தாலும் கேட்பது வெறும் மௌனம்தான். நியூயார்க் நகரக் காவல்துறையே 2023-இல் படிப்படியாக மூடத் தொடங்கியது. இன்னொன்று, எடிசனிலிருந்து பாலம் தாண்டினால் ஸ்டேட்டன் தீவு, அதாவது நியூயார்க் மாநிலம். அங்கே போலீஸ் அலைவரிசை கேட்கும் ரேடியோவை அனுமதியில்லாமல் காரில் பொருத்தி வைப்பது சட்டப்படி குற்றம். அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஃபைல் குறிப்பில் இதையும் ஒரு வரி சேர்த்துவிட்டேன். தம்பி ஒருமுறை, "ஊருக்குப் போறப்ப மெஷினைக் கொண்டுபோகட்டுமாண்ணே, நாகர்கோவில்ல என்ன கேக்குதுன்னு பாக்கலாம்" என்றார். இந்தியாவில் உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே வம்பு என்று சொல்லி, மெஷினை அவர் மனைவியிடம் ஒப்படைத்த பிறகுதான் விமான நிலையத்துக்கு வண்டி எடுத்தேன்.

கடைசியாக, நானே போட்ட பெரிய உப்பு. பக்கத்து ஊரில் பெயரில்லாத ஒரு டாக் குரூப். தரவுத்தளத்திலும் வெறும் எண்தான். ஒருநாள் அதில் 'ஹைட்ரன்ட்' என்ற சொல் விழுந்தது. தெருவோரத் தீயணைப்புக் குழாய்! அப்புறம் என்ன, 'ஃபயர் 4' என்று பெயர் வைத்தேன். பென்சிலில் அல்ல, பேனாவில். அந்த ஃபைல் டைனர் மேஜையைச் சுற்றியது. நான்கு பேர் எடுத்தார்கள். ஒருவர் அதை வேறு இருவருக்குக் கொடுத்தார். ஒரு வருடம் நாங்கள் எல்லோரும் ஃபயர் 4 கேட்டோம். மூன்றாமவர் ஒருவர் என்னிடமே வந்து, "ஃபயர் 4 உறுதிதான், இன்னொருவர் ஃபைலிலும் அப்படித்தான் இருக்கிறது" என்றபோது எனக்கு உள்ளூரப் பெருமை. அந்த இன்னொருவர் என்னிடம் வாங்கியவர் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஜனவரியில் ஒருநாள் கடும் பனி. ராத்திரி பதினொன்றரைக்குத் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா? ஃபயர் நாலு போடுங்க."

"எங்கே தம்பி தீ?"

"தீ எல்லாம் இல்லண்ணே. வண்டியில உப்பு தீர்ந்துபோச்சாம். இன்னொரு லோடு ஏத்த டெப்போவுக்குத் திரும்புறாங்களாம்."

போட்டேன். சாலைப் பனி கரைய உப்புத் தூவும் நகராட்சிப் பொதுப்பணி லாரிகள், ஒன்று மாற்றி ஒன்று, உப்பு கேட்டுக்கொண்டிருந்தன. குழாய்களைக் கழுவிவிடுவதும் அவர்கள் வேலைதான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. மறுமுனையில் தம்பி அடக்கமுடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மா கேட்ட கேள்வின்னு சொல்வீங்களேண்ணே," என்றார், "அவங்களே கேக்குறாங்க பாருங்க."