ரெடி கேஷா, லோனா?

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் விற்ற பணம் பெரும்பாலும் தைக்கும் பங்குனிக்கும் நடுவில் கைக்கு வரும். கார் வாங்கும் யோசனையும் அப்போதுதான் வரும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்து ஷோரூமில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, "லோனா சார், ரெடி கேஷா?" கொட்டேஷன் கைக்கு வருமுன் இதற்குப் பதில் சொல்பவர் பேரத்தில் பாதியைத் தோற்றுவிடுகிறார்.

ரொக்கம் என்றால் விலை குறையும் என்பது பழைய கணக்கு. கடனில் வாங்கினாலும் வங்கி முழுத் தொகையையும் டீலருக்கே அனுப்பிவிடுகிறது; அதற்கு மேல் கடன் பிடித்துக் கொடுத்த கமிஷனும் டீலருக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத்தான் "எங்ககிட்டயே லோன் போட்டா இன்னும் இருபதாயிரம் குறைக்கலாம் சார்" என்கிறார்கள். கட்டுக்கட்டாக நோட்டை எடுத்துப் போகவும் முடியாது. வருமான வரிச் சட்டப்படி 2017 ஏப்ரல் முதல் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்குத் தடை உண்டு. ஆகவே 'ரெடி கேஷ்' என்பதும் ஆர்.டி.ஜி.எஸ்.தான்.

அந்த இருபதாயிரம் எங்கே போகிறது என்று பார்க்கலாம். கையில் ஆறு லட்சம் இருக்கிறது. தள்ளுபடிக்காக அதே தொகைக்கு 9 சதவீதத்தில் ஐந்தாண்டுக் கடன். தவணை மாதம் 12,455 ரூபாய். ஓராண்டில் கடனை முடித்தால் அதுவரை கட்டிய வட்டி ஏறக்குறைய 50,000. கைப்பணத்தை 6.5 சதவீத டெபாசிட்டில் வைத்து அதிலிருந்தே தவணை கட்டியிருந்தால் வரவு சுமார் 34,000, அதற்கும் வரி உண்டு. நிலையான வட்டிக் கடனை முன்கூட்டி முடிக்க மிச்ச ஐந்து லட்சத்தில் 3 சதவீதம் கேட்டால் 15,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. தள்ளுபடி கரைந்ததோடு கைப்பணமும் கொஞ்சம் போகிறது. முன்முடிப்புக் கட்டணம் இல்லாத கடனாக இருந்தால் மட்டும் இந்த வழி தேறும்.

இதைவிட ஏமாற்றுவது 'ஃப்ளாட்' வட்டி. கொட்டேஷன் மூலையில் பேனாவால் '5% மட்டும்' என்று எழுதித் தருவார்கள். ஆறு லட்சத்துக்கு ஐந்தாண்டில் வட்டி 1,50,000, தவணை 12,500. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் இது 9 சதவீதத்துக்கும் மேல். மேலே சொன்ன 9 சதவீதக் கடனே மாதம் 45 ரூபாய் மலிவு! இதே போல, கிரெடிட் கார்டு தவணைகளில் 'பூஜ்ய வட்டி' என்பது வட்டியைக் கட்டணத்துக்குள் ஒளிப்பதுதான் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு, கட்டணமெல்லாம் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதத்தைக் கடன் தருபவர் ஒரு முக்கிய விவரத் தாளில் தந்தாக வேண்டும். சேலத்து ஷோரூம் தருவதையும் ஏற்காட்டு வங்கிக் கிளை தருவதையும் அந்த ஒரே எண்ணை வைத்து ஒப்பிடலாம்.

மொத்தப் பணத்தையும் மாசியில் காரில் போட்டுவிட்டு, ஆடியில் உரத்துக்கும் கூலிக்கும் நகையை அடகு வைப்பவர் ரொக்கத்தில் வாங்கியவர் ஆகமாட்டார். வேறு வாசலில் கடன் வாங்கியவர்தான். தோட்டச் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை முன்பணமாகக் கட்டிச் சிறு கடன் எடுப்பது அவருக்குப் பொருந்தும். டிராக்டர் கடனைப் போல அறுவடையை ஒட்டிய தவணை கார் கடனில் பொதுவாகக் கிடையாது. வரவில்லாத மாதத்திலும் கட்டியாக வேண்டும்.

தை, மாசியில் பெரிய தள்ளுபடி சொன்னால் கார் தயாரான மாதத்தைக் கேட்க வேண்டும். போன டிசம்பர் வண்டி என்றால் விற்கும்போது அது ஒரு வயது மூத்தது. குறைத்த விலையில் ஒரு பகுதி அப்போது திரும்பப் போகும்.

கடன் முடிந்ததும் வங்கியிடம் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை ஆர்.டி.ஓ. மூலம் நீக்க வேண்டும். தவணை முடிந்தால் அது தானாக அழிவதில்லை.